ஆண்டுக்கு ஒரு லட்சம்தான், உதவித்தொகையும் இல்லை: கடலூரிலிருந்து எங்கே போய்ப் படிக்கலாம்?

கடலூர் புதுப்பாளையத்தில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. முதல் குரூப். பொறியியலில் விருப்பமில்லை, கணிதம் அல்லது இயற்பியல் படிக்க ஆசை. அப்பா முதுநகரில் மீன்வலை, கயிறு விற்கும் கடை வைத்திருக்கிறார், ஆண்டு வருமானம் நாலு லட்சத்தை ஒட்டி. படித்தது மெட்ரிக் பள்ளி. அண்ணன் ஏற்கெனவே பட்டதாரி. வீட்டில் ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்தான் தர முடியும். ஊரை விட்டுத் தள்ளிப் போய் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். "எந்த உதவித்தொகைக்கும் தகுதி இல்லை என்கிறார்கள், அப்படியானால் தூரமாகப் போய்ப் படிப்பது நடக்காத காரியமா?"

நடக்கிற காரியம்தான்ம்மா. ஆனால் நீ தேடும் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

உதவித்தொகை விஷயத்தில் உனக்குச் சொன்னது பெரும்பாலும் சரி. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அரசுப் பள்ளியிலும், தமிழ்வழி அரசு உதவி பெறும் பள்ளியிலும் படித்தவர்களுக்கு. 7.5 சதவீத ஒதுக்கீடும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. முதல் பட்டதாரி சலுகை அண்ணனோடு போயிற்று. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவிக்கு வருமான வரம்பு 2.5 லட்சம். கடை வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பம் இப்படி எல்லாக் கதவுக்கும் வெளியே நிற்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆகவே சலுகையைத் தேடி அலையாதே. சலுகை எதுவும் இல்லாமலேயே கட்டணம் குறைவாக இருக்கும் இடத்தைத் தேடு. அப்படிப்பட்ட இடங்கள் நிறையவே இருக்கின்றன. விளம்பரம் செய்வதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் என் உத்தேசம். நீ விசாரித்து உண்மையான எண்ணைப் போட்டுக்கொள். மதுரையில் ஒரு கல்லூரியில் எய்டட் சீட், அதாவது அரசு உதவி பெறும் பிரிவில் இடம், கிடைக்கிறது என்று வை. கட்டணம் 10,000, விடுதி அறைக்கு 15,000, மெஸ் மாதம் 3,500 வீதம் பத்து மாதத்துக்கு 35,000, புத்தகம், தேர்வுக் கட்டணம் 6,000, கைச்செலவு 10,000, நாலு முறை ஊருக்கு வந்து போக 3,200. மொத்தம் 79,200. இப்போது டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் விடுதி கிடைக்காமல் வெளியே தங்குகிறாய் என்று வை. கட்டணம் 20,000தான். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துத் தங்குமிடம் மாதம் 12,000 என்றால் பதினோரு மாதத்துக்கே 1,32,000. ரயில் செலவுக்கு முன்பே ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீட்டிலிருந்தபடி பக்கத்து சுயநிதிக் கல்லூரிக்குப் போனால் கட்டணம் 40,000, கல்லூரி பஸ் 15,000, ஆக 55,000.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். கட்டணம் மிகக் குறைவு என்று ஓடிப்போகிற இடம் சில சமயம் எல்லாவற்றையும்விடச் செலவாகிவிடுகிறது. வித்தியாசத்தைத் தீர்மானிப்பது விடுதி. அதனால் உன் கேள்வியைக் கொஞ்சம் திருத்துகிறேன்: "எந்தக் கல்லூரியில் கட்டணம் குறைவு?" என்று கேட்காதே. "கட்டணம் குறைந்த எந்தக் கல்லூரியில் முதலாண்டு மாணவிக்கு வளாகத்துக்குள்ளேயே விடுதி நிச்சயம்?" என்று கேள்.

இந்தக் கேள்விக்கு முதல் பதில் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அரசு உதவி பெறும் பழைய கல்லூரிகளில் ஒரே படிப்பு இரண்டு விதமாக நடக்கும். ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுக்கும் எய்டட் பிரிவு ஒன்று, கல்லூரியே நடத்தும் சுயநிதிப் பிரிவு இன்னொன்று. அதே கட்டடம், அதே பல்கலைக்கழகப் பட்டம். ஆனால் எய்டட் பிரிவில் ஆண்டுக்குச் சில ஆயிரம், சுயநிதியில் அதைப்போலப் பல மடங்கு. கணிதம், இயற்பியல், வேதியியல், தமிழ், வரலாறு போன்ற பழைய துறைகள்தான் பெரும்பாலும் எய்டட். பி.காம். சி.ஏ., பி.சி.ஏ., டேட்டா சயன்ஸ் போன்ற புதுப் பெயர்கள் ஏறக்குறைய எல்லாம் சுயநிதி. நீ கணிதம் கேட்கிறாய், அதிர்ஷ்டசாலி. மதுரையில் 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி, திருச்சியில் 1923இல் தொடங்கிய ஹோலி கிராஸ், பாளையங்கோட்டையில் சாரா டக்கர் ஆகியவை மகளிர் கல்லூரிகள். மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881இலிருந்து இருக்கிறது, அது இருபாலருக்கும். விண்ணப்பத்தில் "எய்டட்" என்ற கட்டத்தைக் குறிக்கிறோமா, "எஸ்.எஃப்." (சுயநிதி) என்ற கட்டத்தைக் குறிக்கிறோமா என்று பார்த்துக் குறி. சேர்க்கை நாளில் "எய்டட் முடிந்துவிட்டது, எஸ்.எஃப். மட்டும்தான் இருக்கிறது, இப்போதே பணம் கட்டினால் சீட்" என்பார்கள். அந்த இடத்தில் தடுமாறி, வீட்டில் வாங்கி வந்த பணத்தை அப்படியே கட்டிவிட்டு வருகிறவர்கள் அதிகம். காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. பொறியியல், மருத்துவக் கலந்தாய்வு நடக்க நடக்க அறிவியல் துறைகளில் இடம் காலியாகும்.

இந்தக் கல்லூரிகளுக்குத் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அரசு கலைக் கல்லூரிகளுக்கு மட்டும் ஒரே இணையதளம், பிளஸ் டூ முடிவு வந்த பிறகு. அங்கே கட்டணம் இன்னும் குறைவு. ஆனால் கல்லூரிக்கே சொந்தமான பெண்கள் விடுதி எல்லா இடத்திலும் கிடையாது. கோயம்புத்தூர், சென்னை போன்ற ஊர்களில் வெளியே தங்கினால் மிச்சம் பிடித்தது வாடகையில் போய்விடும்.

திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தை நம் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். மத்திய அரசு நிதியில் நடக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், 1956இல் தொடங்கியது. "நிகர்நிலை" என்றதும் லட்சக்கணக்கில் கட்டணம் என்று பயந்துவிடாதே. இது அந்த வகை இல்லை. மலையடிவாரம், அமைதியான வளாகம், எளிமையான விடுதி. திருவாரூரில் 2009இல் வந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் உன் பட்டியலில் இருக்க வேண்டும். திருவாரூர் உனக்குத் தூரமாகத் தெரியாது என்பது மட்டும்தான் குறை.

பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியைப் பற்றி ஒரு வார்த்தை. கடலூரிலிருந்து 22 கிலோமீட்டர், முள்ளோடை தாண்டினால் வந்துவிடும். ஆனால் அங்கே கல்லூரி இடங்களை நிரப்பும் புதுச்சேரி அரசின் சென்டாக் சேர்க்கையில் நீ வெளி மாநிலத்தவள். அங்கே அரசுக் கல்லூரிகளில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் போடும் கணக்கு உனக்குப் பொருந்தாது. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் வேறு. அது 1985இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், சில படிப்புகளில் 25 சதவீதம் புதுச்சேரிக்காரர்களுக்கு, மற்றது நாடு முழுவதற்கும் பொது. தினமும் வீட்டிலிருந்து போய் வரலாம் என்பதால் நீ கேட்ட "தூரம்" அங்கே கிடைக்காது. ஆனாலும் கையில் வைத்துக்கொள். இதே எல்லை மறுபக்கமும் வேலை செய்யும்: கடலூர்க்காரர்களாக இருந்து புதுச்சேரிப் பள்ளியில் படித்த உன் தோழிகள் யாராவது இருந்தால், தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்று தேவைப்படும். இப்போதே சொல்லி வை.

இனி மாநிலத்துக்கு வெளியே. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றுக்கும், காந்திகிராமத்துக்கும் வழி க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு. 2022இல் வந்தது, தமிழிலும் எழுதலாம். நம் பிள்ளைகள் இதில் கோட்டை விடுவது தேர்வில் இல்லை, தேதியில். நம் ஊர் வழக்கப்படி மே மாதம் ரிசல்ட் வந்த பிறகுதான் கல்லூரி தேட ஆரம்பிப்போம். க்யூட் விண்ணப்பமோ பொதுத் தேர்வுக்கு முன்பே, அநேகமாக ரிவிஷன் டெஸ்ட் நடக்கும் நேரத்தில் திறந்து மூடிவிடும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து தேசியத் தேர்வு முகமையின் தளத்தை வாரம் ஒரு முறை பார். இன்னொரு கண்ணி: தேர்வு எழுதி மதிப்பெண் வந்தால் மட்டும் சீட் வராது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, "கூப்பிடுவார்கள்" என்று வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அப்புறம் சாதிச் சான்று. உன்னிடம் இருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. சான்று மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் அல்ல என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். அதற்கு வருமான வரம்பு எட்டு லட்சம், எனவே அப்பாவின் கடை வருமானம் தடையில்லை. உதவித்தொகை வாசலில் உன்னைத் திருப்பி அனுப்பிய அதே வருமானம் இங்கே உள்ளே விடுகிறது. 27 சதவீத ஒதுக்கீடு இதில்தான். ஆனால் தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை, முதலில் அதைப் பார். சேர்க்கையின்போது அந்த நிதியாண்டில் வாங்கிய சான்றுதான் கேட்பார்கள். போன வருஷத்துச் சான்றை நீட்டினால் பொதுப்பிரிவில் போட்டுவிடுவார்கள்.

எந்தப் பல்கலைக்கழகம்? கணிதம், இயற்பியலுக்கு என் முதல் தேர்வு ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம். 1974இல் தொடங்கியது, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. உண்டு, பரந்த வளாகம், உள்ளேயே விடுதிகள். சென்னையிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு. வாரணாசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் கட்டணம் குறைவு, ஆனால் விடுதி அரட்டையிலிருந்து அலுவலக அறிவிப்பு வரை இந்தி. அதைப் பழகிக்கொள்ளத் துணிவிருந்தால் போ. டெல்லியைப் பற்றித்தான் மேலே கணக்கே போட்டுக் காட்டினேன். மிராண்டா ஹவுஸ் போலச் சொந்த விடுதி உள்ள கல்லூரியில் விடுதியும் சேர்ந்து கிடைத்தால் சரி. சீட் மட்டும் கிடைத்து விடுதி இல்லையென்றால், பெயருக்காகப் போகாதே.

ஆசிரியர் வேலையில் மனமிருந்தால் மைசூரில் என்சிஇஆர்டியின் மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கிறது. தென் மாநிலங்களுக்காகவே 1963இல் தொடங்கியது. பிளஸ் டூவுக்குப் பிறகு நான்கே ஆண்டில் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்து வரும், தனியாக பி.எட். படிக்கும் செலவும் காலமும் மிச்சம். இதற்குத் தனி நுழைவுத் தேர்வு. இதில் உனக்கு ஒரு கூடுதல் வசதி: மயிலாடுதுறையோடு நின்ற மைசூர் எக்ஸ்பிரஸை 2024இல் கடலூர் முதுநகர் வரை நீட்டிவிட்டார்கள். அப்பாவின் கடையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏறினால் மறுநாள் காலை மைசூர், நடுவில் வண்டி மாற வேண்டியதில்லை. பெண்ணைத் தனியாக அனுப்பத் தயங்கும் அம்மாவிடம் இதை முதலில் சொல்.

கணக்கில் உண்மையிலேயே வெறி இருந்தால் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். கொல்கத்தாவில் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் பட்டம், பெங்களூரில் பி.மேத். என்ற கணிதப் பட்டம். கல்விக் கட்டணம் வாங்காமல், படிக்கிறவருக்கு மாதாமாதம் பணமும் கொடுத்து வந்த இடம். இந்த ஆண்டு அறிவிப்பில் விதிகளைப் பார்த்துக்கொள். தேர்வு மனப்பாடத்துக்கு மசியாது. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து ஒரு மணி நேரம் உட்கார். ரசித்தால் விண்ணப்பி, தலைவலித்தால் விட்டுவிடு.

பட்டியலை ஐந்தாறாகச் சுருக்கிய பிறகு போனை எடு. இணையதளத்தில் போட்டிருக்கும் கட்டணப் பட்டியல் பாதிக் கதைதான். கல்லூரி அலுவலகத்துக்கு அல்ல, விடுதி அலுவலகத்துக்குப் போன் செய். முதலாண்டு மாணவிகள் எல்லோருக்கும் அறை உண்டா, தூரத்தை வைத்துத் தருகிறார்களா, மதிப்பெண்ணை வைத்தா? மெஸ் நிலையான கட்டணமா, மாதச் செலவை எல்லோருக்கும் பங்கு போடும் டிவைடிங் சிஸ்டமா? டிவைடிங் என்றால் போன மாதம் தலைக்கு எவ்வளவு விழுந்தது? ஊருக்குப் போயிருந்த நாட்களுக்குக் கழிக்கிறார்களா? காஷன் டெபாசிட் என்ற காப்புத்தொகை எவ்வளவு, முடிக்கும்போது திரும்பி வருமா? கோடை விடுமுறையில் அறையைக் காலி செய்யச் சொல்வார்களா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெட்டி படுக்கையோடு மே மாதம் நடுத்தெருவில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். முடிந்தால் அங்கேயே படிக்கும் தமிழ் மாணவி ஒருத்தியிடமும் இதே கேள்விகளைக் கேள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் மாணவி சொல்வதை நம்பு.

ரயில் செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கல்லூரிக்கும் சொந்த ஊருக்கும் இடையே விடுமுறைக்குப் போய்வர மாணவர்களுக்கு ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பில் பாதிக் கட்டணம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி. முதியோர் சலுகையை நிறுத்தியபோதும் இதை நிறுத்தவில்லை. கல்லூரியில் சலுகைப் படிவம் வாங்கி, முதல்வரின் கையெழுத்து முத்திரையோடு முன்பதிவு கவுன்டரில் கொடுக்க வேண்டும். மொபைலில் எடுக்கும் டிக்கெட்டுக்குக் கிடையாது.

இப்போது புரோக்கர்கள். ஏப்ரல், மே மாதத்தில் நம் ஊர் ஜெராக்ஸ் கடை வாசல்களில் ஒரு மேசை, பளபளவென்று ஒரு கத்தை பிரௌச்சர், "பெங்களூரில் சீட், டொனேஷன் இல்லை, விடுதி இலவசம்" என்று ஒரு பேனர். அவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கல்லூரி கமிஷன் தருகிறது, அது உன் கட்டணத்திலிருந்துதான் போகிறது. என்னிடம் படித்த ஒரு பெண் அப்படித்தான் நர்சிங் சேர்ந்தாள். முதல் வருஷம் சொன்ன தொகைதான். இரண்டாம் வருஷம் யூனிஃபார்ம், கிளினிக்கல் பஸ், தேர்வு என்று ஒவ்வொன்றாக ஏறியது. விலகுகிறேன் என்றபோது அசல் சான்றிதழ்களைக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அப்படிப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இலேயே இதை அறிவித்திருக்கிறது: அசலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். அதற்கு மேல் நாளாக ஆக 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசித் தேதி கழிந்து 30 நாள் தாண்டினால் கட்டணம் போனதுதான், காப்புத்தொகை மட்டும் வரும். எந்தப் பணத்தையும் கல்லூரியின் பெயரில் உள்ள கணக்கில் கட்டி ரசீது வாங்கு. புரோக்கரின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

கடன் வாங்கலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். நாலு லட்சம் வரை ஈடோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் மாதிரித் திட்டம், பெற்றோர் ஒருவர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். ஆனால் படிக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால், மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் சேர்ந்து 40,000 ஏறி நிற்கும். பி.எஸ்சி. கணிதத்தோடு யாரும் நிற்கப்போவதில்லை, மேலே எம்.எஸ்சி. இருக்கிறது. அதனால் இளங்கலைக்குக் கடன் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு லட்சத்துக்குள் முடிகிற இடம் இருக்கும்போது எதற்கு?

உன் இடத்தில் நான் இருந்தால் க்யூட்டில் ஹைதராபாத், காந்திகிராமம், திருவாரூர், காலாப்பட்டு என்று போட்டு, மைசூர் தேர்வையும் எழுதிவிட்டு, கைவசத்துக்கு மதுரையிலும் திருச்சியிலும் எய்டட் சீட்டுக்கு விண்ணப்பித்து வைப்பேன். விண்ணப்பச் செலவு எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ஆகும், அதையும் அப்பாவிடம் முன்பே சொல்லிவிடு. ஓ.பி.சி. சான்றுக்கு மட்டும் ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்துக்குப் போ. மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு போனால் அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது.